எண்ணிக்கையும் இனமும்

ஓசூரில் தேர்தல் வந்துவிட்டால் ஒலிபெருக்கி மூன்று மொழி பேசும். தமிழில் வணக்கம் சொன்ன வேட்பாளர், அடுத்த தெருவில் தெலுங்கிலும் அதற்கடுத்த தெருவில் கன்னடத்திலும் கைகூப்புவார். எந்த மொழிக்காரர் வாக்கு எந்தப் பக்கம் என்று டீக்கடையில் கூட்டிக் கழிப்போரும் உண்டு. (அக்கணக்கு பலமுறை பொய்த்ததும் உண்டு!) ஆனால் நாடு முழுவதும் ஒரே தொகுதியாகி, ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது என்ன ஆகும்? இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வரும் என் வகுப்புத் தோழர் கேட்ட கேள்வி இது. அதுவே இக்கட்டுரைக்கு வித்து.

இலங்கையில் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி, செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் பெறுபவரே ஜனாதிபதி. சிங்களர் ஏறத்தாழ 75 விழுக்காடு. தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து கால் பங்கு. பாதியைத் தாண்டச் சிறுபான்மையரையும் நாடித்தானே தீரவேண்டும் எனப் பலர் நம்பினர். நம்பிக்கை முழுதும் பலித்ததா?

1982இல் குமார் பொன்னம்பலம் யாழ்ப்பாண மாவட்டத்தில் முதலிடம் பெற்றார். நாடளவில் 3 விழுக்காட்டை எட்டவில்லை. 2005இல் விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பால் யாழ்ப்பாணத்தில் பதிவானது 1.2 விழுக்காடே. ராஜபக்சவிடம் ரணில் தோற்றதோ 1,80,786 வாக்குகளில்! போடாத வாக்கும் ஒருவருக்குப் போட்ட வாக்கே என்பதை இதைவிடத் தெளிவாக யார் காட்ட முடியும்? 2015இல் சிங்கள வாக்கு பிளவுபட்டது, தமிழரும் முஸ்லிம்களும் திரண்டு நின்றனர், சிறிசேன வென்றார். 2019இலும் அவர்கள் அப்படியே திரண்டு சஜித் பக்கம் நின்றனர். ஆயினும் கோத்தபய 52.25 விழுக்காடு பெற்றார். பெரும்பான்மை பிளவுபடாதபோது சிறுபான்மையின் ஒற்றுமை மட்டும் வெற்றி தராது. பெரும்பான்மையினர் வாக்காலேயே வெல்லலாம் என்று கண்ட வேட்பாளர் மற்றவர் வாசலுக்கு ஏன் வரப்போகிறார்?

இதற்கு மாற்று அந்த வாக்குச்சீட்டிலேயே இருக்கிறது என்பது என் கருத்து. இலங்கை வாக்காளர் 1, 2, 3 என்று மூவரை வரிசைப்படுத்தலாம். 2024 செப்டம்பரில் எவருக்கும் பாதி கிட்டாமல், முதன்முறையாக விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டன. முதல் இருவருக்கும் வாக்களிக்காதோர் 33 லட்சம் பேர். அவர்களிடமிருந்து அந்த இருவருக்கும் வந்து சேர்ந்த விருப்பு வாக்குகளோ மூன்று லட்சம்கூட இல்லை! தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன் 2,26,343 வாக்குகள் பெற்றார். அது வீண் என்று நான் சொல்லமாட்டேன்; புறக்கணிப்பை விட அது எவ்வளவோ மேல். ஆனால் முதல் எண்ணைத் தம்மவருக்கு இட்டவர், இரண்டாம் எண்ணுக்கு விலை கேட்டிருக்கலாமன்றோ? பெரிய வேட்பாளர்கள் அப்போது யாழ்ப்பாணத்துக்கு வெறுங்கையோடு வந்திருக்க முடியாது.

வாக்கு இனத்தோடு ஒட்டியே கிடக்கும் என்றும் எண்ண வேண்டாம். அந்தச் செப்டம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் 7 விழுக்காடு அளவே பெற்ற அநுர குமார திசாநாயக்கவின் அணி, நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் அங்கே ஆறில் மூன்று இடங்களை வென்றது.

அந்த முடிவைக் கைப்பேசியில் பார்த்து எங்களுக்கு வாசித்துக் காட்டியவர் முகாம் நண்பரே. தமிழகத்தில் பிறந்தவர். அவர் பெயர் யாழ்ப்பாண வாக்காளர் பட்டியலிலும் இல்லை, கிருஷ்ணகிரி மாவட்டப் பட்டியலிலும் இல்லை.