15 ஆம்பியர் போதும்

மின்சாரக் கார் வாங்க நிச்சயித்தவர்கள், எந்த மாடல், எவ்வளவு தூரம் ஓடும், கடன் தவணை எவ்வளவு என்று மாதக்கணக்கில் ஆலோசித்த பிறகு, வீட்டில் எந்தச் சார்ஜரைப் பொருத்துவது என்ற கேள்வி வந்தவுடன் அந்த நிதானத்தையெல்லாம் கைவிட்டு, கடைக்காரர் காட்டும் பெட்டிகளுள் அதிகச் சக்தி வாய்ந்தது எதுவோ அதுவே உத்தமமானது என்று தீர்மானித்துவிடுவதை மும்பையின் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் அடிக்கடி காண்கிறேன். அணுசக்தித் துறையின் அணுசக்தி நகர்க் குவார்ட்டர்ஸில் வசிக்கும் உத்தியோகஸ்தக் குடும்பங்களைப் பொறுத்தவரை அந்தச் செலவு அநாவசியம் என்பதும், அதில் ஒரு பங்கை வேறோரிடத்தில் செலவிட வேண்டியது மிக அவசியம் என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரத்தை பாட்டரி ஏற்கத்தக்க நேர்திசை மின்சாரமாக மாற்றும் சாதனம் காருக்குள்ளேயே இருக்கிறது. சுவரில் மாட்டும் பெட்டியோ, காரோடு சமிக்ஞை பரிமாறிக்கொண்டு, எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்று அதற்கு அறிவித்து, பழுது நேர்ந்தால் இணைப்பைத் துண்டிக்கும் காவலாளியே. ஆகையால் காருக்குள் இருக்கும் சாதனம் 3.3 கிலோவாட் அளவுடையதானால், 7.2 கிலோவாட் பெட்டியை வாங்கி மாட்டியும் ஒரு நிமிஷங்கூட மிச்சமாகாது. மேல்தொட்டியின் வாய் அரை அங்குலமாயிருக்கையில் இரண்டு அங்குலக் குழாயைக் கொண்டுவந்து பொருத்துவதைப் போன்றது அது. 2022-இல் வெளிவந்த டியாகோ மின்சாரக் காரே இவ்விரண்டு அளவுகளிலும் விற்கப்பட்டது. எனவே பெட்டியின் விலையை விசாரிக்குமுன் தம் கார் எந்த அளவை ஏற்கும் என்று விசாரிப்பதே முறை.

காரோடு பெரும்பாலும் உடன்வரும், 15 ஆம்பியர் பவர் பிளக்கில் செருகும் கையடக்கச் சார்ஜர் மணிக்குச் சுமார் 3 யூனிட் கொடுக்கும். அணுசக்தி நகரிலிருந்து மாட்டுங்காவுக்குப் போய்க் கோயிலையும் காய்கறிக் கடையையும் பார்த்துவிட்டுத் திரும்ப 25 கிலோமீட்டருக்கு மேல் போகாது; யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் ஓடும் சிறிய காருக்கு அதற்கான மின்சாரம் ஒன்றேகால் மணி நேரத்தில் ஏறிவிடும். டிராம்பேயில் வேலை, பக்கத்திலேயே வீடு என்று வாழ்பவர்களுக்கு நித்தியப் பிரயாணம் இதைவிடக் குறைவு. இரவு முழுவதும் நிற்கும் காருக்கு என்ன அவசரம்?

ஆனால் 15 ஆம்பியர் போதும் என்று சொல்லும்போது, இருக்கிற எந்த பிளக்கும் போதும் என்று சொல்லவில்லை. கீஸர் கால் மணி நேரம் ஓடி நின்றுவிடுகிறது, அறை குளிர்ந்தவுடன் ஏ.சி. ஓய்வெடுக்கிறது, காரோ பாட்டரி காலியாயிருந்தால் ஏழெட்டு மணி நேரம் இடைவிடாமல் முழு மின்சாரத்தையும் இழுத்துக்கொண்டே இருக்கும். பல வருஷம் கீஸருக்குத் தளராது உழைத்த சாக்கெட், காருக்கு இரண்டாம் மணியிலேயே சூடேறி, கடற்காற்றின் உப்பும் மழைக்கால ஈரமும் அரித்த பித்தளைப் பற்றுகளில் கருகத் தொடங்குவது இதனால்தான். மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தொங்கவிட்டுக் கீழே நிற்கும் காருக்கு இணைப்பவர்களைப் பார்க்கும்போது என் மனம் பதைக்கிறது. கீழே குழந்தைகள் விளையாடுகிறார்கள்.

மிச்சப்படும் பணம் போகவேண்டிய இடம் இதுவே: எலக்ட்ரீஷியன்கள் 4 ஸ்கொயர் என்று சொல்லும் செப்பு ஒயர் மீட்டரிலிருந்து நேரே வரவேண்டும், அதில் வேறு எதுவும் இணையலாகாது, மின்பளு மீறினால் துண்டிக்கும் தனி எம்.சி.பி.யோடு, 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கவேண்டும், அதுவும் ‘ஏ’ வகையாக. மழை புகாத மூடியுள்ள இண்டஸ்ட்ரியல் சாக்கெட் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக எர்த். எர்த் சரியில்லையென்றால் நல்ல சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டி வேலை செய்ய மறுக்கும். அந்த மறுப்பு நம் உயிரைக் காப்பதற்காக; அதை ஏமாற்ற நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டும் குறுக்குவழியை யார் சொன்னாலும் கேட்கக் கூடாது.

2021-இல் மத்திய அரசின் விஞ்ஞான நிபுணர்கள், ஸ்கூட்டர்களுக்கும் ஆட்டோக்களுக்குமாக, 3 கிலோவாட் வரை கொடுக்கும் எளிய சார்ஜ் பாயிண்ட் ஒன்றை 3,500 ரூபாய்க்குள் அடக்கவேண்டும் என்ற இலட்சியத்தோடு இந்தியத் தர நிர்ணயத்தை வகுத்தார்கள். நம் தேசத்துக்கு உகந்தது எளிமையான சாதனமே என்ற அந்தச் சிந்தனை கார்களுக்கும் பெருமளவு பொருந்தும்.

சட்டமும் நமக்கு அனுகூலமாகவே இருக்கிறது. வீட்டிலுள்ள இணைப்பிலேயே வாகனத்தைச் சார்ஜ் செய்யலாம் என்று மின்துறை அமைச்சகம் 2022 ஜனவரியில் தெளிவுபடுத்தியது. 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட நுகர்வோர் உரிமை விதிகள், விரும்பியவர்க்கு வாகனத்துக்கென்றே தனி இணைப்பு தரவேண்டும் என்றும், பெருநகரங்களில் புதிய இணைப்பை மூன்று நாட்களுக்குள் தரவேண்டும் என்றும் விதித்தன. மும்பையில் வீட்டுக் கட்டணம் 100, 300, 500 யூனிட் என்று படிப்படியாக ஏறுவதால், கார் குடிக்கும் மின்சாரம் முழுவதும் மேல் படிகளிலேயே விழும். மின்வாகனங்களுக்கென மகாராஷ்டிர ஒழுங்குமுறை ஆணையம் வகுத்திருக்கும் தனிக் கட்டணத்தோடு ஒப்பிட்டு, தனி மீட்டர் லாபமா என்று கணக்குப் பார்த்துக்கொள்வது நல்லது. 7.2 கிலோவாட் பெட்டிக்கோ அனுமதிக்கப்பட்ட மின்பளுவை உயர்த்த வேண்டிவரும். சில வீடுகளில் மூன்று ஃபேஸ் இணைப்பே தேவைப்படும்.

குவார்ட்டர்ஸில் இருப்பவருக்கு வீடு சொந்தமல்ல. இன்று டிராம்பே, நாளை கல்பாக்கம் அல்லது தாராப்பூர், பிறகு ஓய்வு. சுவரைத் துளைத்து மாட்டிய பெட்டியை விட்டுச் செல்ல நேரலாம். கையடக்கச் சார்ஜர் டிக்கியில் ஏறி உடன்வரும். ஒயரும் சாக்கெட்டும் சப்-மீட்டரும் கட்டடத்தைச் சேர்ந்தவையாதலால், அவற்றின் செலவைக் குடியிருப்பவர் தலையில் சுமத்துவது நியாயமாகாது. புதிய கட்டடங்களின் நிறுத்துமிடத்தில் 20 சதவீதம் மின்வாகனங்களுக்குத் தகுதியாக இருக்கவேண்டும் என்று மாதிரிக் கட்டட விதிகள் 2019-இலேயே திருத்தப்பட்டன. பல பத்தாண்டுகளுக்கு முன் எழுந்த குடியிருப்புகளுக்கு அந்த விதியின் பயன் தானாக வந்து சேராது. அணுசக்தித் துறையின் எஸ்டேட் நிர்வாகம், ஒரேயொரு கட்டடத்தின் நிறுத்துமிடத்தில் சப்-மீட்டருடன் கூடிய 15 ஆம்பியர் சாக்கெட்டுகள் பத்தை முறையான எர்த்தோடு நிறுவி, ஒரு மழைக்காலம் முழுதும் நடத்திப் பார்த்து, அந்த அமைப்பின் வரைபடத்தையே கல்பாக்கத்துக்கும் தாராப்பூருக்கும் அனுப்பிவைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.