சதுரங்கப் பலகையும் சாப்பாட்டுப் பேச்சும்

சதுரங்கம் மௌனத்தின் விளையாட்டு என்பர். ஆடுவோரைப் பொறுத்தமட்டில் அக்கூற்று உண்மையே. பார்த்திருப்போருக்கும் அது பொருந்துமா? உலகப் போட்டிகளை இணையத்தின் வழியே ஒன்றுகூடிக் காணும் இரசிகரின் போக்கை அவதானிப்போர் இவ்வினாவை எழுப்பாதிருத்தல் அரிது.

2024 ஆம் ஆண்டு உலக வாகைப் போட்டியை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் நடைபெற்ற அப்போட்டியில் சீனத்தின் டிங் லிரெனும் சென்னையைச் சேர்ந்த பதினெட்டு வயது இளைஞர் குகேஷும் பதினான்கு ஆட்டங்கள் ஆடினர். முதல் நாற்பது நகர்வுகளுக்கு ஒவ்வொருவருக்கும் இரண்டு மணி நேரம் என்பது விதி. இத்தகைய ஆட்டங்களில் ஒரே நகர்வுக்காக அரைமணி நேரம் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு சிந்திப்போரும் உளர். அந்த அரைமணி நேரத்தில் திரையில் யாதொன்றும் அசைவதில்லை. பார்த்திருக்கும் கூட்டமோ சும்மா இருப்பதில்லை. ஒருவர் தாம் உண்ட மதிய உணவின் பெருமையைக் கூறுவார். பீட்சாவின் மேல் அன்னாசித் துண்டு வைப்பது நீதியா அநீதியா என்று மற்றொருவர் வழக்குத் தொடுப்பார். இளையராஜாவின் பழைய பாடல் ஒன்றை வேறொருவர் நினைவூட்டுவார். அதற்குள் எங்கோ குளிர்நாட்டிலிருக்கும் ஒருவர் தாம் கண்ட திரைப்படத்தின் முடிவு சரியில்லையென்று முறையிடுவார். குதிரை நகர்ந்ததும் கூட்டம் ஒருகணம் பலகைக்குத் திரும்பும். மீண்டும் சமையலறைக்குப் போய்விடும்.

இப்பேச்சைக் கண்டு முகஞ்சுளிப்போர் பலர். ஆழ்ந்த சிந்தனைக்கு உரிய கலையொன்று சந்தைக்கடைச் சத்தத்துள் சிக்கிவிட்டதே என்பது அவர்களது வருத்தம். அவ்வருத்தத்தை நாம் எளிதில் தள்ளிவிடலாகாது. ஆயினும் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால், பலகையைச் சுற்றி இத்தகைய பேச்சு என்றும் இருந்தே வந்தமை புலனாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டிலே ஐரோப்பியச் சதுரங்கத்தின் தலைநகராய் விளங்கியது பாரிஸ் நகரிலிருந்த 'ரெஜன்ஸ்' என்னும் கோப்பிக்கடை. அக்காலத்தின் தலைசிறந்த ஆட்டக்காரரெனப் போற்றப்பட்ட பிலிடோர் அங்கே ஆடினார். அவர் 1749 இல் வெளியிட்ட சதுரங்க நூல் இன்றும் பேசப்படுகின்றது. அவரோ தொழிலால் இசைவாணர். மேடை இசைநாடகங்கள் பலவற்றை ஆக்கியவர். தத்துவ அறிஞர் டிடரோ எழுதிய 'இராமோவின் தம்பி மகன்' என்னும் உரையாடல் நூல் தொடங்குவதும் அதே கடையிலேதான். பக்கத்திலே காய்கள் நகர்ந்துகொண்டிருக்க, அந்நூலில் இருவர் அமர்ந்து பேசுவதென்ன? இசை, நாடகம், யார் வீட்டில் நல்ல விருந்து கிடைக்கும் என்பன போன்ற செய்திகளே. அவற்றினூடாக அறம் பற்றிய பெருவினாக்களும் தலைதூக்குகின்றன. இன்றைய இரசிகர் கூட்டத்தின் பாட்டன்மார் யாவர் என ஒருவர் கேட்பின், அக்கோப்பிக்கடையைத் தயங்காது காட்டலாம்.

ஆட்டக்காரரும் இசைக்குப் புறம்பானவரல்லர். 1957 இல் உலக வாகை சூடிய சோவியத்து வீரர் சிமிஸ்லொவ் நல்ல குரல்வளம் படைத்த பாடகர். அவருடைய நாட்டவரான தைமானொவ் பியானோக் கலைஞராக மேடையேறிப் புகழ்பெற்றவர். உணவோ ஒரு சமயம் உலக வாகைப் போட்டியையே கலக்கியதுண்டு. 1978 இல் பிலிப்பைன்ஸ் நாட்டின் பாகியோ நகரில் கார்ப்பொவும் கோர்ச்னொயும் மோதினர். ஆட்டத்தின் நடுவே கார்ப்பொவுக்கு ஒரு கோப்பைத் தயிர் கொண்டுவரப்பட்டது. அது இரகசியச் சைகையாய் இருக்கலாமெனக் கோர்ச்னொய் தரப்பினர் எழுத்து மூலம் முறையிட்டனர். அந்தத் தயிர்க் கோப்பை இரசிகரின் பகிடிக்கு இன்றளவும் வற்றாத ஊற்றாக இருந்துவருகின்றது.

அங்ஙனமாயின், இன்றைய பேச்சில் புதியது யாது? பேச்சு புதியதன்று; அதன் நடுவிலிருந்து ஒரு பொருள் வெளியேறிவிட்டமையே புதியது. 1972 இல் றெய்க்யவிக் நகரில் பிஷரும் ஸ்பாஸ்கியும் ஆடிய காலத்தை நினைத்துப் பார்ப்போம். ஓர் ஆட்டம் ஒரே நாளில் முடியாவிடின் அடுத்த நகர்வை உறையிலிட்டு ஒட்டிவிட்டு மறுநாள் தொடர்வது அன்றைய வழக்கம். உறைக்குள் இருப்பது யாது என அன்றிரவெல்லாம் இரசிகர் காய்களை அடுக்கி ஆராயலாம். கல்லூரி விடுதியிலும் தேநீர்க்கடையிலும் வாதாடலாம். தேர்ந்தவரும் பிழைக்கலாம், எளியவரும் ஒரு நல்ல நகர்வைக் கண்டுபிடிக்கலாம். ஒருவருக்கும் விடை தெரியாமையே அப்பேச்சின் உயிர்.

1997 மே மாதத்தில் நியூ யோர்க் நகரிலே 'டீப் புளூ' என்னும் கணினி அன்றைய உலக வாகையர் கஸ்பரொவை வென்றது. இன்று எந்த வீரரினும் வலிமை மிக்க நிரல் நம் கைத்தொலைபேசிக்குள் அடங்கிவிட்டது. ஆட்டத்தைக் காட்டும் திரையின் ஓரத்தில் கறுப்பும் வெள்ளையுமான பட்டையொன்று ஏறியும் இறங்கியும் யார் கை ஓங்கியுள்ளது என்பதைக் கணந்தோறும் அறிவிக்கின்றது. சிங்கப்பூரில் டிசெம்பர் 12 ஆம் நாள் நடந்த இறுதி ஆட்டத்தின் ஐம்பத்தைந்தாம் நகர்வில் டிங் தமது யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். காய்கள் வெட்டுண்டு போனபின் எஞ்சும் காலாட்களின் போரில் தமக்குத் தோல்வி நிச்சயம் என்பதை அவர் அக்கணம் காணவில்லை. எதிரே அமர்ந்திருந்த குகேஷுக்கும் அதனை உணரச் சில வினாடிகள் தேவைப்பட்டன. சதுரங்க விதிகளை மட்டுமே அறிந்த பார்வையாளனோ பட்டை சரிந்ததைக் கண்டு அதற்கு முன்னரே கூவிவிட்டான். உலக வாகையனாகப் போகிறவனுக்குத் தெரியாதது வீட்டுத் திண்ணையிலிருந்தவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவன் அறிந்தது விடையை, காரணத்தை அன்று.

இங்கேதான் நமது கருத்தின் மையம் உளது. நகர்வைப் பற்றி வாதாடும் உரிமையை இரசிகனிடமிருந்து பொறி பறித்துக்கொண்டது. யாது சிறந்த நகர்வு என ஒருவர் கூறினால், 'பொறி அவ்வாறு கூறவில்லையே' என்னும் ஒரு வாக்கியத்தில் விவாதம் முடிந்துபோகும். எனவே மனிதர் தம் வாதத்தைப் பொறியின் ஆட்சி எட்டாத இடத்திற்குக் கொண்டுபோயினர். தோசை சிறந்ததா இடியப்பம் சிறந்ததா என்ற வழக்கிற்குத் தீர்ப்பளிக்கும் பொறி இன்னும் பிறக்கவில்லை. எந்தப் பாடகரின் குரல் நெஞ்சை உருக்கும் என்பதைக் கறுப்பு வெள்ளைப் பட்டை காட்டாது. அங்கே மாணவனும் கிராண்ட் மாஸ்டரும் சமம். இருவர் நாவும் ஒரே தகுதியுடையன.

இதில் இன்னொரு பயனும் உண்டு. முன்பின் அறியாதோர் இருவர் சந்தித்தால் 'சாப்பிட்டாயிற்றா?' என்று தொடங்குவது நம்மவர் வழக்கம். ஊரையும் குலத்தையும் துருவாமல் ஒருவரை நெருங்க அதனினும் நல்ல வழி இல்லை. முகம் காணாத இரசிகருக்கும் அதுவே வழியாயிற்று. 2023 இல் பாக்கு நகரில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் பிரக்ஞானந்தா இறுதியாட்டம் வரை முன்னேறியபோது, உடன் சென்ற அவருடைய அன்னையார் வெளியூரிலும் மகனுக்கு இரசமும் சோறும் ஆக்கிக் கொடுப்பவர் என்னும் செய்தி பரவியது. 'இரசம் என்றால் என்ன?' என்று வினவிய அயல்நாட்டாருக்கு, புளியையும் மிளகையும் விளக்கும் பொறுப்பு நம்மவருக்கு வந்தது. முந்திய ஆண்டு மாமல்லபுரத்தில் நிகழ்ந்த ஒலிம்பியாட்டின் சின்னமாக வேட்டி கட்டிய குதிரை ஒன்று 'தம்பி' என்ற பெயரோடு வந்து நின்றபோதும் அவ்வாறே.

திரைப்படப் பேச்சும் வெறும் பொழுதுபோக்காய் முடிவதில்லை. 2020 ஒக்டோபரில் 'த குயின்ஸ் கம்பிற்' என்னும் தொடர் வெளிவந்தது. கொள்ளைநோயால் வீட்டில் அடைபட்டிருந்த பலரைச் சதுரங்கத்தின்பால் ஈர்த்தது. அதில் வரும் ஒரு வசனம், ஜோர்ஜிய வீராங்கனை நோனா கப்ரின்டஷ்விலி ஆண்களோடு ஆடியதே இல்லையென்று கூறியது. உண்மையிலே அக்கதை நிகழும் 1968 ஆம் ஆண்டளவில் அவர் ஆண்கள் பலரோடு பொருதியிருந்தார். 1978 இல் கிராண்ட் மாஸ்டர் பட்டம் பெற்ற முதற் பெண்மணியும் அவரே. அவர் 2021 இல் வழக்குத் தொடுத்தார். மறு ஆண்டு அது இணக்கமாகத் தீர்ந்தது. நடிகையின் உடையழகைப் பேசவந்த இரசிகர் பலர், மறக்கப்பட்ட ஒரு பெண்ணின் பெருமையை அறிந்து மீண்டனர்.

சத்தியஜித் ராயின் 'சத்ரஞ்ச் கே கிலாரி' 1977 இல் வெளியான படம். பிரேம்சந்தின் கதையைத் தழுவியது. 1856 இல் ஆங்கிலேயர் அவத நாட்டை விழுங்குகையில், இலக்னோவின் பிரபுக்கள் இருவர் ஹூக்காவும் கையுமாகப் பலகையின் முன் உலகை மறந்து கிடக்கின்றனர். அவர்களது குற்றம் பலகைக்கு வெளியே உலகமில்லை என நினைத்தமை. இன்றைய இரசிகனோ உலகையே பலகையண்டை இழுத்துவருகிறான். இருவரில் யாரை மன்னிக்கலாம் என்பதை வாசகரே தீர்மானிக்க.

எனினும் இக்கூட்டத்தை முற்றும் புகழ்ந்துவிட்டு எழுவது நேர்மையாகாது. பகிடிக்கும் பரிகாசத்திற்கும் இடையே மெல்லிய கோடொன்றே உண்டு. ஒருவன் உண்ணும் உணவைக் கேலிசெய்யத் தொடங்கிய நாக்கு, அவன் பிறந்த இனத்தைக் கேலிசெய்வதற்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. மேலும், விவாதத்தைப் பறித்த அதே பொறி சந்தேகத்தையும் விதைத்துவிட்டது. நன்றாக ஆடுபவன் எவனும் மறைவிலே பொறியின் உதவியைப் பெறுகிறானோ என்ற ஐயம் சதுரங்க உலகைப் பற்றிக்கொண்டுள்ளது. உண்மையான வஞ்சகரும் உளர் என்பதால் அந்த ஐயம் முற்றிலும் பொய்யன்று; அதனாலேயே அது கொடியது.

அமெரிக்க கிராண்ட் மாஸ்டர் டேனியல் நரோடிட்ஸ்கி, ஆயிரக்கணக்கானோருக்கு இணையத்தின் வழியே பொறுமையோடு சதுரங்கம் கற்பித்த நல்லாசிரியர். ஆட்டத்தினிடையே சிரித்துப் பேசும் அவருடைய இயல்பே பலரை இவ்விளையாட்டிற்கு அழைத்து வந்தது. முன்னாள் உலக வாகையர் கிராம்னிக் அவருடைய இணைய ஆட்டங்களைப் பற்றிப் பகிரங்கமாக ஐயம் எழுப்பிவந்தார். நரோடிட்ஸ்கி அவற்றை மறுத்தார். 2025 ஒக்டோபரில், இருபத்தொன்பதாம் வயதில், அவர் காலமானார். அதன்பின் உலகச் சதுரங்கச் சம்மேளனம் கிராம்னிக்கின் கூற்றுக்கள் குறித்துத் தன் ஒழுக்காற்று ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்தது. மரணத்தின் காரணத்தை ஆராய்வது நமது நோக்கமன்று. ஆயின், ஒரு மனிதன்மேல் பழி சுமத்தப்படும்போது அவனோடு கூடிச் சிரித்தவர்கள் யாது செய்தார்கள் என்ற வினாவை இரசிகர் ஒவ்வொருவரும் தம்மிடம் கேட்டுக்கொள்ளவேண்டியவரே.

கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. நாடு வேறு, இடையிலே நெடுவழி. இருந்தும் சோழன் வடக்கிருந்தபோது தன் நண்பன் வருவான் என்று இடம் ஒதுக்கிவைத்தான். புலவரும் வந்து சேர்ந்தார். காணாமலே நட்புக் கொள்ளுதல் தமிழுக்குப் புதிதன்று என்பதை மாணவரும் அறிவர். ஆனால் அந்நட்பு போற்றப்படுவது, இருவரும் தொலைவிலிருந்து ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டமையால் மட்டுமன்று. துன்பம் வந்த வேளையில் ஒருவர் எழுந்து நடந்தமையாலேயே.

ஆகவே, ஆட்டத்தின் நடுவே இரசத்தையும் இசையையும் பேசும் இரசிகரைக் கடிந்துகொள்ளாதிருப்போமாக. பொறி தீர்ப்பளிக்க முடியாத பொருள்களைப் பேசிப் பேசித்தான் அவர்கள் ஒருவரையொருவர் மனிதரென அறிந்துகொள்கின்றனர். அந்த அறிமுகம் வீணாகாதிருக்க வேண்டுமாயின், நாளை அக்கூட்டத்தில் ஒருவன்மேல் சான்றில்லாத சொல் விழும்போது, முந்தியநாள் அவனோடு தோசைக்காக வாதாடியவன் முதலில் வாய்திறக்க வேண்டும்.