அக்காளின் வளையல்

ராமேசுவரத்துப் பையன் ஒருவனுக்குச் சென்னையில் விமானப் பொறியியல் படிக்க இடம் கிடைத்தது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. கல்லூரி. சேருவதற்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் வேண்டும். 1950-களில் ஆயிரம் ரூபாய் என்றால் லேசான தொகையா? தந்தையிடம் அவ்வளவு பணம் இல்லை.

அக்காள் ஜோஹரா முன்வந்தார். தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். தம்பி கல்லூரியில் சேர்ந்தான்.

அந்தத் தம்பிதான் அப்துல் கலாம். 2002-ல் இந்தியாவின் ஜனாதிபதி ஆனவர். "அக்கினிச் சிறகுகள்" என்ற நூலில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். தம் சொந்தச் சம்பாத்தியத்தில் வளையலை மீட்டுத் தருவது என்று அப்போதே உறுதி எடுத்துக்கொண்டாராம். உபகாரச் சம்பளம் பெறுவதற்காகக் கடுமையாகப் படித்தாராம்.

அக்காளைப் பாராட்டாதவர் இருக்க முடியாது. தம்பியின் எண்ணத்தையும் நாம் பாராட்டுகிறோம். வாங்கியது கடன் என்று அவருக்குத் தோன்றியது. பல வீடுகளில் அது தோன்றுவதில்லை!

உங்கள் தெருவையே பாருங்கள். தந்தை நோயில் விழுந்தார். மூத்த மகள் படிப்பை நிறுத்தினாள். பஞ்சாலைக்கோ, பனியன் கம்பெனிக்கோ போனாள். வாடகை, அரிசி, தம்பியின் பரீட்சைப் பணம், தங்கையின் சீர் எல்லாம் அவள் சம்பளத்தில்தான். அவளுக்கு வரன் வந்தால், "தம்பி தலையெடுக்கட்டும், பார்க்கலாம்" என்று தள்ளிப் போடுகிறார்கள். 1974-ல் "அவள் ஒரு தொடர்கதை" படத்தில் இந்தக் கதையைப் பார்த்துத் தாய்மார்கள் அழுதார்கள். வீட்டுக்கு வந்து மகளின் சம்பளத்தை எண்ணி வாங்கிக்கொண்டவர்களும் அவர்களில் உண்டு!

தம்பி தலையெடுக்கிறான். வேலை, கல்யாணம், குழந்தை. தந்தை காலமாகிறார். ஒரு நாள் அக்காளை அன்போடு கூப்பிட்டுக் காபி கொடுக்கிறார்கள். பிறகு பத்திரப் பதிவு ஆபீசுக்கு அழைத்துப் போகிறார்கள்.

"ஒரே ஒரு கையெழுத்துதான், அக்கா."

அது என்ன தெரியுமா? வீட்டில் தனக்குள்ள பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிய விடுதலைப் பத்திரம்!

சகோதரிகளே, படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். படிக்கத் தடுமாறினால், நம்பிக்கையான ஒருவரைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். இந்துக் குடும்பத்தில் தந்தை உயில் எழுதாமல் இறந்தால், அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. இது 1956-ம் ஆண்டுச் சட்டம். பரம்பரைச் சொத்தில் மணமாகாத மகளுக்குச் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-ல் சட்டம் வந்தது. மணமான மகளுக்கும் உண்டு என்று 2005-ல் நாடு முழுவதற்கும் வந்தது. மற்ற மதத்தாரின் சட்டங்களிலும் மகளுக்குப் பங்கு இருக்கிறது.

தெரிந்து, மனம் விரும்பி விட்டுக்கொடுத்தால் அது அவள் பெருந்தன்மை. காபி கொடுத்து வாங்குவதற்கு வேறு பெயர்.

பெற்றோர்களே, மகள் கொடுத்ததை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வட்டி கேட்பதற்கு அல்ல. பாகம் பிரிக்கும் நாளில் யாருக்கும் மறந்து போகாமல் இருப்பதற்கு. அவள் சம்பளத்தில் கொஞ்சமாவது அவள் பெயரில் தபால் ஆபீசில் சேரட்டும். வரன் வந்தால் நாள் கடத்தாதீர்கள்.

தம்பிமார்களே, உங்களுக்காக அடகுக்குப் போன நகை இன்னும் கடையில்தான் இருக்கிறதா? சீட்டைத் தேடி எடுத்து வையுங்கள். நாளைக் காலையில் கடை திறந்துவிடும்.