வாசித்தது யார் என்று எழுதுங்கள்

"கருத்தரங்கில் வாசித்ததையெல்லாம் அடிக்குறிப்பில் போடாதீர்கள், அது பப்ளிகேஷன் கிடையாது" என்று ஆய்வு மாணவர்களுக்குச் சொல்லும் நெறியாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி. உங்கள் ஆய்வேட்டில் அம்பேத்கரை எப்படிச் சேர்த்தீர்கள்?

1916 மே 9, நியூயார்க், கொலம்பியா பல்கலைக்கழகம். மானிடவியல் பேராசிரியர் கோல்டன்வைசர் நடத்திய கருத்தரங்கில் 25 வயது மாணவர் ஒருவர் 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையை வாசிக்கிறார். அன்றைக்கு அவர் டாக்டரும் இல்லை, தலைவரும் இல்லை. சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது என்ற வாதத்தை அவர் அந்த அரங்கில் வைத்தார். அச்சில் வந்தது அடுத்த ஆண்டு மே மாதம், 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில். இடையில் இருந்த ஒரு வருடத்தில் அந்த அறையில் உட்கார்ந்திருந்த எவராவது அதைத் தன் பெயரில் எழுதியிருந்தால்? "அச்சாகவில்லையே" என்று சொல்லித் தப்பித்திருப்பார்.

'சாதி ஒழிப்பு' இன்னும் மேலே. அது வாசிக்கப்படவே இல்லை. 1936இல் லாகூர் ஜாத்-பாத் தோடக் மண்டல் மாநாட்டுக்காக எழுதிய தலைமை உரை. அழைத்தவர்கள் உரையைப் பார்த்துப் பயந்து சில பகுதிகளை எடுக்கச் சொன்னார்கள். அவர் மறுத்தார். மாநாடு நடக்கவில்லை. சொந்தச் செலவில் 1500 பிரதிகள் அச்சடித்தார். நெறியாளர் சொல்லும் விதிப்படி பார்த்தால் இது எந்தக் கணக்கில் வரும்?

நம் பிள்ளைகளின் ஆய்வேடுகளிலும் 'அம்பேத்கர் 1979' என்று பார்க்கிறேன். அவர் மறைந்தது 1956இல். 1979 என்பது மகாராஷ்டிர அரசு முதல் தொகுதியை வெளியிட்ட ஆண்டு. '1916/1979' என்று எழுதினால் பேசிய ஆண்டும் தெரியும், நீங்கள் பார்த்த பதிப்பும் தெரியும். இன்னொன்று, அந்த இந்தியன் ஆன்டிகுவரியின் தொகுதி எண் பல இடங்களில் 41 என்றே இருக்கும். 1872இல் முதல் தொகுதி வந்த இதழுக்கு 1917இல் 46தான் வரும். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமலே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அச்சானதுதான் நம்பகமானது என்று நமக்குப் பாடம் நடத்துகிறவர்கள் இதையும் கொஞ்சம் பார்க்கலாம்.

இப்போது நம் ஊர்ப் பக்கம் வருவோம். எங்கள் எழுமலைக்குப் பக்கத்தில்தான் உத்தப்புரம். 2008 மே 6 அன்று அங்கே சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. அதிலிருந்து சுவர் ஆய்வுப்பொருள் ஆகிவிட்டது. இந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து முதல் தலைமுறையாகப் படிக்கப் போன பிள்ளைகள் உசிலம்பட்டி வழியாகப் பஸ் ஏறிப் போய், எந்தத் தெருவில் செருப்பைக் கழற்றினார்கள், எந்தப் பாதை யாருக்கு மூடியிருந்தது என்று தங்கள் பாட்டிமார் சொன்னதைக் கருத்தரங்கில் பத்து நிமிடம் வாசிக்கிறார்கள். ஒன்பதாவது நிமிடத்தில் மணி அடிக்கும். முன்வரிசையில் ஒருவர் ஸ்லைடுகளைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருப்பார்.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவிக்கு இது நடந்தது. கல்லூரிப் பெயர் வேண்டாம். அவர் வாசித்த விவரங்கள் சில மாதம் கழித்து வேறொருவரின் கட்டுரையில் 'கள ஆய்வில் தெரியவந்தது' என்ற வரியோடு வந்தன. யாருடைய கள ஆய்வு? கேட்கப் போனபோது கிடைத்த பதில்: "அது வெறும் பிரசன்டேஷன்தானேம்மா." அந்த 'வெறும்' என்ற சொல்லை நாம் நன்றாக அறிவோம்.

2016 யுஜிசி விதிமுறைகளின்படி ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் இரண்டு கருத்தரங்கக் கட்டுரைகள் வாசித்தே ஆக வேண்டும். 2022இல்தான் அதை எடுத்தார்கள். பதிவுக் கட்டணமும் பஸ் காசும் கொடுத்து வாசிக்கச் சொன்னவர்களே, வாசித்ததைச் சான்றாகக் காட்டத் தகுதியில்லை என்கிறார்கள். 2018இல் கருத்துத் திருட்டுக்கு எதிரான விதிமுறையும் வந்தது. பத்து விழுக்காடு வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை, அதற்கு மேல் படிப்படியாகத் தண்டனை. மென்பொருள் எழுத்தை எழுத்தோடுதான் ஒப்பிடும். மேடையில் பேசியதை அது எதனோடு ஒப்பிடும்?

கருத்தரங்கத் தொகுப்புகளில் குப்பை அதிகம் என்பார்கள். உண்மைதான். காசு வாங்கிக்கொண்டு, ஒருவரும் படித்துப் பார்க்காமல், ஐஎஸ்பிஎன் எண்ணோடு ஆயிரம் பக்கம் போடுகிறார்கள். அந்த எண்ணை அரசு இலவசமாகக் கொடுக்கிறது, அது தரச் சான்று அல்ல. குப்பை என்றால் பயன்படுத்தாதீர்கள். பயன்படுத்திவிட்டுப் பெயரை மறைக்க அது காரணம் ஆகாது.

1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் சிவன், விஷ்ணு கோயில்களில் எங்கள் மக்களை ஏன் விடவில்லை என்று அயோத்திதாசர் கேட்டார். அதற்கு என்ன பதில் வந்தது என்பதைப் பின்னால் தன் 'தமிழன்' இதழில் அவரே எழுதிவைத்தார். அந்த எழுத்துகள் 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்துப் பாளையங்கோட்டையிலிருந்து வரும் வரை எத்தனை ஆய்வேடுகள் அவர் பெயரே இல்லாமல் எழுதப்பட்டன!

ஆகவே தோழர்களே, நாம் முதலில் சரியாகச் செய்வோம். வாசித்தவர் பெயர், முழுத் தேதி, தலைப்பு, 'கருத்தரங்கில் வாசித்த கட்டுரை' என்ற குறிப்பு, கருத்தரங்கின் பெயர், ஊர். ஏபிஏ ஏழாம் பதிப்பிலேயே இதற்கு இடம் இருக்கிறது, வடிவம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தொகுப்பில் அச்சாகியிருந்தால் பதிப்பாசிரியரும் பக்க எண்ணும். பின்னால் ஆய்விதழில் வந்திருந்தால் அந்த வடிவத்தைப் படித்து அதையே காட்டுங்கள். நீங்கள் நேரில் கேட்காததைக் கேட்டதுபோல எழுதாதீர்கள்.

அச்சாகாத கட்டுரை என்றால் வாசித்தவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் இன்னும் திருத்திக்கொண்டிருக்கலாம். அதில் வரும் ஊர்க்காரர்கள் விஷயத்தில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். பாட்டியின் பெயரை நீங்கள் மதுரையில் அச்சடித்துவிடலாம், மறுநாள் அதே தெருவில் தண்ணீர் பிடிக்கப் போவது அவர்தான்.

வாசிக்கப் போகிறவர்களுக்கு: ஒவ்வொரு ஸ்லைடிலும் பெயரும் தேதியும் போடுங்கள். போவதற்கு முதல் நாள் கட்டுரையை ஜெனோடோவில் ஏற்றுங்கள். இலவசம்தான், டிஓஐ எண்ணும் கிடைக்கும். முன்வரிசையில் போனைத் தூக்குகிறவரிடம், "சார், என் பெயரை எந்த இடத்தில் போடப்போகிறீர்கள்?" என்று மைக்கிலேயே கேளுங்கள்.