ஞாயித்துக்கிழமை உங்க பெஞ்சுல யாரு?



கடைசி ஹவரை கட் அடிச்சுட்டு கேன்டீனுக்கு ஓடுற ஆளா நீங்க? அப்ப இது உங்களுக்குத்தான். நீங்க காம்பஸால பேர் கீறி வெச்சிருக்கிற பெஞ்சு, ஞாயித்துக்கிழமையும் சும்மா இருக்கிறதில்லை. பல காலேஜ்கள்ல அன்னிக்குத்தான் தொலைநிலைக் கல்வி மாணவர்களுக்கு வகுப்பும் பரீட்சையும். நைட் டூட்டி முடிச்சு தூக்கக் கலக்கத்தோட வர்ற செக்யூரிட்டி, பிரமோஷனுக்கு டிகிரி தேவைப்படுற கிளார்க், பேரன் எடுத்த தாத்தான்னு அது ஒரு தனி உலகம்!

நானும் அப்படி அஞ்சல் வழியில எம்.ஏ. எழுதப் போனவன்தான். பரீட்சை ஹால்ல பக்கத்து பெஞ்சுல ஒரு அம்மா. பி.ஏ. ரெண்டாவது வருஷம். பெல் அடிக்கிறதுக்கு முன்னாடி விரல்களை நீவி விட்டுக்கிட்டே இருந்தாங்க. "இருபது வருஷமா மளிகை லிஸ்ட் தவிர வேற எதுவும் எழுதினதில்லை தம்பி. மூணு மணி நேரம் கை தாங்குமான்னு பயமா இருக்கு"ன்னாங்க.

"பையன் என்ன பண்றான்?"னு கேட்டேன்.

"இதே காலேஜ்தான். நான் இங்க வர்றதை யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொல்லியிருக்கான்" என்றபடி சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை.

ஒரு கணக்கு பாருங்க. இக்னோவுல ஒரு கிரெடிட்னா 30 மணி நேரப் படிப்பு. ஆறு கிரெடிட் பேப்பர் ஒண்ணுக்கு 180 மணி நேரம். தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கினாலே ஆறு மாசம் ஆகும். அந்த ஒரு மணி நேரம் அவங்களுக்கு எப்பக் கிடைக்கும்? உங்க டிபன் பாக்ஸைக் கழுவி வெச்ச பிறகுதான்.

வீட்டுல அப்படி யாராவது படிக்க ஆசைப்பட்டா, நீங்க செய்யக்கூடியது நிறைய இருக்கு. முதல்ல, அந்தப் படிப்புக்கு யு.ஜி.சி.யோட தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி இருக்கான்னு அவங்க வெப்சைட்ல பார்த்துச் சொல்லுங்க. பணம் கட்டின பிறகு பார்த்துப் பிரயோஜனமில்லை. அரசு வேலைதான் குறின்னா இன்னொரு விஷயம்: பத்தாவது, பிளஸ் டூ, டிகிரிங்கிற வரிசையில படிச்சிருக்கணும்னு 2009-ல தமிழக அரசு ஆணை போட்டிருக்கு. பிளஸ் டூவைத் தாண்டிக் குதிச்சு டிகிரி வாங்கினவங்க பலர் இதுல மாட்டிக்கிட்டாங்க. அதனால பிளஸ் டூ பாக்கி இருந்தா, முதல்ல அதை எழுத வைங்க.

அப்புறம், ஆன்லைன் அப்ளிகேஷனை நிரப்பிக் கொடுங்க. உங்களுக்கு அது பத்து நிமிஷம். அவங்களுக்கு அதுதான் முதல் அரியர்! தினமும் ராத்திரி ஒரு மணி நேரம் டி.வி. சத்தத்தைக் குறைங்க. பாத்திரத்தை நீங்க தேய்ங்க. மூணு வருஷப் படிப்பை முடிக்க இக்னோவுல ஆறு வருஷம் வரைக்கும் டைம் உண்டு. அதனால ஒரு பேப்பர் போனா கிண்டல் பண்ணாதீங்க. நமக்கு இல்லாத அரியரா?

அந்த அம்மா அன்னிக்கு கடைசி பெல் வரைக்கும் எழுதினாங்க. நான் அரை மணி நேரம் முன்னாடியே பேப்பரைக் கொடுத்துட்டு வந்துட்டேன்.

இன்னிக்கு நைட் சாப்பிடும்போது சும்மா கேட்டுப் பாருங்களேன்... "அம்மா, நீ எதுவரைக்கும் படிச்சே? ஏன் நிறுத்தினே?"