வாழும் ஊரும் வாக்குள்ள ஊரும்

சிங்கப்பெருமாள் கோவில் எந்தக் கட்சியின் பக்கம் என்று நம்மிடம் வினவுவோர் பலர். கடைத்தெருக் கொடிகளை எண்ணி விடை கூறுவாரும் உளர். இவ்வூர் அடங்கிய செங்கற்பட்டுத் தொகுதி 2011இல் தே.மு.தி.க.வைச் சட்டசபைக்கு அனுப்பியது. 2016இலும் 2021இலும் தி.மு.க.வை அனுப்பியது. இடையே 2014இல், இத்தொகுதியை உள்ளடக்கிய காஞ்சிபுரம் பாராளுமன்றத் தொகுதியில் அ.தி.மு.க. வென்றது. ஆகவே இப்பக்கத்து மக்கள் எந்தக் கட்சிக்கும் அடிமைச் சாசனம் எழுதிக் கொடுத்தவர்கள் அல்லர்.

ஜீவனம் எவ்வழியோ வாக்கும் அவ்வழி என்பதை நெசவாளரும் உழவரும் அறிவர். 1953இல் தேங்கிக் கிடந்த கைத்தறித் துணி அரசியல் மேடைக்கு வந்தது. 1967இல் அரிசி விலை ஆட்சியையே மாற்ற உதவிற்று. ஆனால் இன்று இவ்வூரில் ஜீவனம் செய்வோர் அனைவருக்கும் இங்கே வாக்கு உண்டா? இதுவே நாம் எழுப்பும் கேள்வி.

மகிந்திரா உலக நகரம் 2002இல் தோன்றியது. ஒரகடத்தில் ரெனால்ட்–நிசான் தொழிற்சாலை 2010இல் திறக்கப்பட்டது. அவற்றை நாடி வெளி மாவட்டங்களிலிருந்து வந்தோர் இங்கே குடிக்கூலிக்கு வசிக்கின்றனர். அவர்கள் குடிப்பது இவ்வூர்த் தண்ணீர். நடப்பது இவ்வூர்ச் சாலை. வாக்கோ பலருக்குப் பிறந்த ஊரில்! தண்ணீரையும் சாலையையும் பற்றி அவர்கள் குறைகூறலாம். தீர்ப்புக் கூற இயலாது.

“சொந்த ஊரில் நிலமும் குலதெய்வமும் இருக்க, வாக்கை ஏன் மாற்ற வேண்டும்? நாளை இங்கே வேலை போனால்?” என்பர். 2022இல் மறைமலைநகர் ஃபோர்டு தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தியதைக் கண்டவர்களின் இவ்வச்சம் பொருளற்றதன்று. எனினும், வாக்கை மாற்றுவதால் நிலம் கைவிட்டுப் போவதில்லை. திரும்பிச் சென்றால் வாக்கையும் திரும்ப மாற்றிக் கொள்ளலாம். சாதாரணமாக வசிக்கும் இடத்திலேயே பெயர் இருத்தல் வேண்டும், அதுவும் ஓரிடத்தில் மட்டுமே என்பது 1950ஆம் ஆண்டுச் சட்டம்.

அசட்டையின் விளைவு யாது? 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது, தமிழ்நாட்டின் வரைவுப் பட்டியலிலிருந்து ஏறக்குறைய 97 லட்சம் பெயர்கள் நீங்கின. அவற்றுள் பெரும்பகுதி இடம் மாறியோர் பெயர்களே. அங்கே பெயர் நீங்கி, இங்கேயும் சேர்க்காதவன் எந்த ஊருக்கும் குடிமகன் அல்லாதவன் போல் ஆகிறான்.

நமது சங்கங்களும் இதற்கு விலக்கல்ல. 1904இல் அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் கடன் சங்கம் தோன்றிய மண் இது. ஒரு பங்கு உள்ளவருக்கும் நூறு பங்கு உள்ளவருக்கும் ஒரே வாக்கு என்பதே கூட்டுறவின் உயிர்நாடி. ஆயினும் ஆய்வுக்குச் செல்லும் இடங்களில் காலமானவர் பெயர் அங்கத்தினர் பதிவேட்டில் நீடிப்பதைக் காண்கிறோம். தொழிற்சாலைக்குச் செல்லும் மகனோ தந்தையின் பங்கைத் தன் பெயருக்கு மாற்ற நேரமில்லை என்கிறான். உரியவன் எடுத்துக் கொள்ளாத வாக்கு, உரிமையற்றவன் கைக்குச் செல்ல வழி திறக்கிறது.

இன்னாருக்கு வாக்களியுங்கள் என்று கூறுவது நமது உத்தியோகத்துக்கு அடாது. உங்கள் பெயர் எங்கே உள்ளது என்று கேட்பது கடமை. இடம் மாறியோர் 8ஆம் எண் படிவத்தையும், எங்கும் பெயரில்லாதோர் 6ஆம் எண் படிவத்தையும் அளிக்கட்டும். சங்கப் பதிவேட்டை அடுத்த பொதுப் பேரவைக்கு முன் அங்கத்தினர் ஒவ்வொருவரும் பார்த்துவிடட்டும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். விளைநிலத்தை விற்று வாடகை வீடுகள் கட்டிய அங்கத்தினர் நம்முள் உளர். குடியிருப்போர் முகவரிச் சான்றுக்காக வாடகை ஒப்பந்தம் கேட்டால், அவருள் சிலர் அஞ்சி மறுக்கின்றனர். மாதந்தோறும் வாடகையைப் பெற்றுக்கொண்டு, அம்மனிதனின் வாக்கைத் தடுத்து நிறுத்துதல் நியாயமாகுமா? சமவாக்கின் அருமையைச் சங்கத்தில் கற்ற நாம், அக்காகிதத்தை மனமுவந்து எழுதித் தருவோமாக. அதன் பின்னரே இவ்வூர் எந்தப் பக்கம் என்று கேட்பதில் பொருளிருக்கும்.