பழச்சாற்றில் உப்பா?

குளிரூட்டி அறையில் மைக் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "வெயில் கொளுத்துது, நிறைய தண்ணி குடிங்க நேயர்களே" என்று சொல்வது எனக்குச் சுலபம். விடியற்காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, பாலம் தாண்டி சிங்கப்பூர் வேலைக்குப் போகும் ஜொகூர்க்காரர்களிடம் சொல்லிப் பாருங்கள். வரிசையில் மாட்டிக்கொண்டால் கழிப்பறைக்கு எங்கே போவது என்று பலர் தண்ணீரையே தொடுவதில்லை. அதற்குப் பிறகு ஹெல்மெட், ஜாக்கெட், நாள் முழுக்க வெயில். வீடு திரும்பும்போது தலைவலி, கெண்டைக்கால் பிடிப்பு.

அவர்களுக்காகத்தான் இந்த வாரம் ஒரு ஸ்மூத்தி.

வியர்வை உதட்டில் பட்டால் கரிக்கிறதல்லவா? அது சோடியம். கூடவே கொஞ்சம் பொட்டாசியமும் போகிறது. நரம்பும் தசையும் ஒழுங்காக வேலை செய்ய வேண்டிய இவற்றைத்தான் எலெக்ட்ரோலைட் என்கிறார்கள். பழங்களில் பொட்டாசியம் உண்டு. சோடியம் மிகமிகக் குறைவு. அதனால்தான் உப்பு வேண்டும்.

உப்பும் சர்க்கரையும் அளவோடு சேர்ந்தால் குடல் தண்ணீரை நன்றாக உறிஞ்சும். 1971-ல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பன்கான் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மகலனபிஸ் உப்பும் குளுக்கோசும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். 30 விழுக்காடு வரை இருந்த இறப்பு, 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது.

இரண்டு பேருக்கான அளவு இது:

தர்பூசணி – 1 கப்
அன்னாசி – 1 கப்
இளநீர் – 1 கிளாஸ்
கஸ்தூரி எலுமிச்சை – 3
உப்பு – கால் தேக்கரண்டியில் பாதி

எல்லாவற்றையும் பிளெண்டரில் அரைத்தால் முடிந்தது. ஊர்ப் பெயரிலேயே அன்னாசியை வைத்திருக்கும் பெக்கான் நானாஸ் நம் பொந்தியானில்தானே இருக்கிறது! சீனி வேண்டாம், பழத்தின் இனிப்பே போதும். உப்பையும் கூட்டாதீர்கள். குடிக்கும்போது கரித்தால் அளவு தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

இது எல்லாருக்கும் அல்ல. ஆபீசில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு வெறும் தண்ணீரே போதும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் ஆபத்தாகலாம். அவர்களும், இனிப்புநீர், இரத்த அழுத்தம் உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் குடிக்க வேண்டாம். வயிற்றுப்போக்குக்கும் இது மருந்தல்ல. பழச்சர்க்கரை அதைக் கூட்டிவிடும். அதற்கு மருந்தகத்தில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம்தான் சரி. வெயிலில் நின்றவர் உளறினாலோ மயங்கினாலோ, வாயில் எதையும் ஊற்றாமல் நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பை ஈரத்துணியால் குளிர வைத்து, 999-ஐ அழையுங்கள்.

பிளெண்டர் இல்லையா? தயிரை நீர்க்கக் கடைந்து, உப்பு, இஞ்சி, கறிவேப்பிலை போட்டால் நீர்மோர். எலெக்ட்ரோலைட் என்ற சொல்லைக் கேட்டிராத நம் தோட்டத்துப் பாட்டிகளுக்கும் இந்தப் பக்குவம் தெரியும். மாலையில் களைத்து வருபவருக்கு ஒரு கிளாஸ் எடுத்து வையுங்கள்.